பெண்கள் தொட்டியில் பதினொன்று

காலை ஆறரை மணிக்குப் பெண்கள் தொட்டியில், மிதக்கும் பாசிக்கு நடுவே ஏதோ அசைந்தது. செக்கர் முதலில் அதைக் கொசுப்புழு என்றுதான் நினைத்தார். நேற்றுப் போட்ட தீனியில் ஒன்றிரண்டு மிச்சம் இருந்திருக்கும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். கொசுப்புழுவுக்கு இவ்வளவு பெரிய கண் கிடையாது. அது மீன்குஞ்சு. பாசியை விரலால் விலக்கியதும் இன்னும் நாலைந்து தெறித்து ஓடின.

"இது எப்படி?" என்று வாய்விட்டே கேட்டார். தொட்டியில் இருந்த பதினொரு பெண் மீன்களும் தீனிக்காகக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தன.

செக்கர் முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் சோதித்தவர். ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுவார். டிக்கெட் வாங்கிய எத்தனை பேரை முகத்தைப் பார்த்தே படிக்கட்டு வரை இழுத்திருக்கிறார் என்பதை மட்டும் அவரும் சொன்னதில்லை, கேட்கவும் ஆளில்லை. மனிதர் கெட்டவர் அல்ல. ஆனால் சந்தேகம் என்பது அவருக்கு வெற்றிலை பாக்கு மாதிரி, வாயில் ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு மெல்ல ஒன்றும் கிடைக்காமல் தவித்துப்போய்த்தான் பின்கட்டு அறையில் மீன் வளர்க்க உட்கார்ந்தார்.

அவர் வளர்த்தது வாள்வால் மீன். விரல் நீளம்தான் இருக்கும். ஆணுக்கு வாலின் கீழ்விளிம்பு கத்தி போல நீண்டிருக்கும், பெண்ணுக்கு அது இருக்காது. முட்டையிடுகிற வழக்கமெல்லாம் இல்லை. தாய் நாலு வாரம் வயிற்றில் வைத்திருந்து குஞ்சாகவே போடும். போட்டுவிட்டுத் திரும்பி, எதிரில் அகப்பட்ட குஞ்சைத் தின்னவும் செய்யும். பாசிக்குள் ஒளிந்தது பிழைத்தது. இவ்வளவும் கடையில் மீன் வாங்குகிற யாருக்கும் தெரியும். செக்கருக்கு இன்னொன்றும் தெரியும். பெண் மீன் ஒரே ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் போதும், ஆணின் விந்தணுவை உள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த நாலைந்து மாதத்துக்கு மாதம் ஒரு ஈடு குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் அந்தத் தொட்டிக்கு அவ்வளவு கட்டுக்காவல். மூன்று வருடமாக அவர் அடர்சிவப்பு உடம்பும் கறுப்பு வாலும் கலையாமல் வருகிற ஒரு வம்சத்தை உருவாக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். மீன்கடைக்காரரிடம் அப்படி ஓர் ஆண் இருந்தது. மாதக் கடைசியில் கொண்டுவந்து விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார், ஒரு நிபந்தனையோடு. "இதுவரைக்கும் ஆம்பள பக்கத்துல போகாத பொண்ணுங்களா இருக்கணும் சார். இல்லன்னா பொறக்கறது யாரோட குஞ்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

செக்கர் இரண்டு மாதக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்பைப் பார்த்தார். விசிறி மாதிரி விரிந்திருந்தால் பெண். குச்சி மாதிரி ஒடுங்கியிருந்தால் ஆண். அப்படிப் பொறுக்கியதுதான் இந்தப் பதினொன்று. அதிலிருந்து ஐந்து மாதமாகத் தினமும் காலையிலும் மாலையிலும் எண்ணினார். பதினொன்று சரியாக இருந்தது. ஒருகை தள்ளி ஆண்கள் தொட்டியில் ஒன்பது. அதுவும் சரியாக இருந்தது.

எண்ணிக்கை சரி, ஆனால் குஞ்சு இருக்கிறது. அப்படியென்றால் யாரோ ஓர் ஆணைத் தூக்கி உள்ளே போட்டு, காரியம் முடிந்ததும் திரும்ப எடுத்து அதன் இடத்தில் விட்டிருக்கிறார்கள். செக்கர் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் விரலை வைத்து இருபத்தெட்டு நாள் பின்னால் போனார். விரல் நின்ற இடத்தில் மனைவியின் கையெழுத்தில் 'கண் ஆபரேஷன்' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு நாளும் செக்கர் ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருந்தார். வீட்டுச்சாவியும் மீன்தீனியும் மாப்பிள்ளையின் கையில் இருந்தன.

மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று, ஆறு வாரத்துக்கு முன்னால் மகளும் அவரும் பெட்டியோடு இங்கே வந்துவிட்டார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை என்று பேச்சு. உண்மையைச் சொன்னால், வேறு வீடு கிடைக்கவே கூடாது என்று செக்கர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள். அவள் கல்யாணமாகிப் போன நாலு வருடத்தில் இந்த வீட்டில் குக்கர் சத்தத்தைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போயிருந்தது. இப்போது அவள் காலையில் குளியலறையிலிருந்து பாடுகிறாள், துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள். அதைக் கேட்டுக்கொண்டே மீனுக்குத் தீனி போடுவது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்கே முழுதாகத் தெரியாது.

ஆனால் பத்துப் பேர் இருக்கிற பஸ்ஸில் ஒருத்தன் முழிக்கிறான் என்று மனதில் விழுந்துவிட்டால் அவருக்கு மற்ற ஒன்பது பேரும் கண்ணில் படமாட்டார்கள்.

முதலில் நினைவுக்கு வந்தது மாப்பிள்ளை வந்த வாரம் சொன்ன வார்த்தை. தொட்டி முன்னால் நின்று, "என்ன மாமா, பொம்பளைங்களை மட்டும் தனியா அடைச்சு வெச்சிருக்கீங்க, பாவம்" என்று சிரித்தார். அப்போது செக்கரும் சிரித்தார். இப்போது அந்தச் சிரிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தது வலை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ஆணியில் தொங்கிய மீன்வலை ஈரமாக இருந்தது. தீனி போடுவதற்கு வலை எதற்கு?

வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டுவிட முடியுமா. செக்கர் சுற்றிவளைத்து வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது தண்ணீரை நகர்த்தி வைத்தபடி, "மாப்பிள்ளைக்கு மீன்னா ரொம்ப இஷ்டமோ?" என்றார்.

"பாக்கப் பிடிக்கும் மாமா."

"கையில எடுத்துப் பாக்கவும் பிடிக்குமோ?"

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினார். "எடுத்ததில்ல மாமா. அந்தப் பெரிய மீன் இருக்கே, அது மத்ததையெல்லாம் ஓயாம துரத்திக்கிட்டே இருக்கு. ஏன்னு உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்."

பதினொன்றில் எல்லாவற்றையும்விடப் பெரியது அது. செக்கரின் செல்லம். மனைவி அதற்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். "பெரிய மீனுன்னா துரத்தத்தான் செய்யும்" என்று செக்கர் பட்டென்று சொன்னார். பேச்சை எங்கே திருப்புகிறான் பார், என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். டிக்கெட் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுகிறவர்களை அவர் பார்க்காதவரா.

அடுத்த நாள் தொட்டி மூடியின் மேல் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவிவைத்தார். கைபட்டால் தடம் விழும். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் தடம் என்ன, பவுடரே இல்லை, மூடி பளபளவென்று இருந்தது. தடயத்தைத் துடைத்துவிட்டுப் போகிற அளவுக்குக் கைதேர்ந்த ஆள், என்று செக்கருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து பின்கட்டு அறைக்குப் போட்டார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

அந்த அறையில்தான் மாப்பிள்ளையின் கருவிப்பெட்டியும் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பும்போது, மாமனார் குளித்துவிட்டு வரட்டும் என்று கதவுக்கு வெளியே காத்துநின்றார். செக்கர் வந்து பூட்டைத் திறந்து, அவர் பெட்டியை எடுக்கும்வரை வாசலிலேயே நின்று பார்த்து, மறுபடி பூட்டினார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததையும் செக்கர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மடியில் கனமில்லாதவன் இந்நேரம் ஏன் என்று கேட்டிருக்க மாட்டானா?

பூட்டுப் போட்டுப் பத்து நாள் கழித்து இன்னொரு ஈடு குஞ்சு பிறந்தது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். செக்கர் யோசிக்கவில்லை. ஒரு தடவை சேர்ந்தால் நாலைந்து மாதத்துக்குப் போதும் என்பது அவருக்குத்தான் தெரியுமே. இனி எத்தனை ஈடு பிறந்தாலும் அது அந்த இரண்டு நாளைத்தான் கைகாட்டும். பாவம் மாப்பிள்ளை. எந்த மீன் எப்போது குஞ்சு போட்டாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் மகளும் வீடு பார்க்க வெளியே போயிருந்தார்கள். செக்கர் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கருவிப்பெட்டியைத் திறந்தார். என்ன தேடினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மீன் கொண்டுபோகிற பாலிதீன் பை ஏதாவது, ஒரு சின்ன வலை ஏதாவது. ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் துணியில் சுற்றியிருந்தன. ஒரு பாலிதீன் பை அகப்பட்டது. உள்ளே ரப்பர் வாஷர்கள். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மூடினார். கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது, சோப்புப் போட்டும் போகவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு செக்கரின் கையைப் பார்த்தார். நகத்தோரம் கறுப்பாக இருந்தது.

"மாமா, ஏதாவது வேணும்னா கேளுங்க, நானே எடுத்துத் தரேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் செக்கருக்குப் பொறுக்கவில்லை. பிடிபட்டவர் தாமாகி நிற்பது அவருக்குப் புதுசு.

"கேக்கறேன். நாங்க ஆஸ்பத்திரில இருந்த ரெண்டு நாள், அந்தத் தொட்டில ஆண் மீனை எடுத்துப் போட்டீங்களா இல்லையா?"

அடுப்படியிலிருந்து மகள் வந்து நின்றாள். பின்னாலேயே மனைவி, கறுப்புக் கண்ணாடியோடு.

"இல்ல மாமா."

"அப்ப வலை எப்படி ஈரமாச்சு?"

"ஐயோ, அது நான்" என்றாள் மனைவி. "வந்த அன்னிக்கு மாடித் தண்ணித்தொட்டில இலை விழுந்து கெடந்துதுன்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"கண்ணுல கட்டோட மாடி ஏறினியா நீ?"

"ஒரு கண்ணுலதானே கட்டு."

"பவுடரைத் துடைச்சது?"

"மூடி மேல மாவு மாதிரி கொட்டிக் கெடந்தா துடைக்க மாட்டாங்களா? அதுவும் நான்தான்."

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஒருவனை இறக்கியபிறகு, அவன் சட்டைப்பையிலிருந்து டிக்கெட் கிடைத்தால்கூட, அது பழைய டிக்கெட் என்று சொல்லித்தான் செக்கருக்குப் பழக்கம். "எல்லாரும் சேர்ந்து பூசி மெழுகுறீங்க" என்றார். "மாப்பிள்ளைன்னு பாத்துக்கிட்டு நீங்க வேணா கண்ணை மூடிக்கலாம். என்னை ஏமாத்த முடியாது. முப்பத்திரண்டு வருஷம் மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சவன் நான்."

  மகள் மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்தப் பூட்டு மீனுக்காகன்னு இவர்கிட்ட நான் சொல்லிக்கிட்டிருந்தேம்பா. அப்பாவுக்கு மீனுன்னா உசுரு, அதான்னு."

அந்த வாரமே ஒரு அறை பார்த்துவிட்டார்கள். போகிற அன்று மகள் இரண்டு பெட்டியையும் கூடத்தின் நடுவில் வைத்து, தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து, மூடியை மலர்த்திவைத்தாள். மேலே மடித்து வைத்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். "பாத்துக்குங்கப்பா. ஒண்ணும் எடுத்துட்டுப் போகல." செக்கர் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை வந்து பெட்டிகளை மூடி, "வரோம் மாமா" என்று வழக்கம்போலவே சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மறுபடி குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. செக்கர் காலையிலும் மாலையிலும் எண்ணினார். பதினொன்று சரியாக இருந்தது.

மாதக் கடைசியில் கடைக்காரர் வந்தார். கையில் பாலிதீன் பை, அதில் காற்றடைத்த தண்ணீரில் அந்தக் கறுப்பு வால் ஆண். நடந்ததையெல்லாம் ஒரு மூச்சு சொல்லி முடித்த செக்கர், "இனி இந்தப் பதினொண்ணும் வீண்தான். புதுசாத்தான் ஆரம்பிக்கணும். வீட்டுக்குள்ளேயே துரோகம்னா என்ன பண்றது சொல்லுங்க" என்றார்.

கடைக்காரர் பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தொட்டி முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்தார்.

"இது யாரு?"

"அதா? அது பெரியம்மா. பதினொண்ணுலயும் அதுதான் அழகு."

"பெரியம்மா இல்ல சார், பெரியப்பா."

செக்கர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "பூதக்கண்ணாடி எங்க? கொண்டாங்க. வயித்துக்கு அடியில பாருங்க. வாலைப் பாக்காதீங்க, வாலு இப்பத்தான் கீழ கொஞ்சம் கூராக ஆரம்பிச்சிருக்கு, அது கடைசியிலதான் வரும். துடுப்பைப் பாருங்க."

செக்கர் குனிந்தார். பெரியம்மா ஒரு குட்டிப் பெண் மீனின் பின்னால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. திரும்பும்போது வயிற்றுக்கு அடியில் துடுப்பு தெரிந்தது. விசிறி இல்லை. ஒல்லியான குச்சி. ஒருமுறை அது பக்கவாட்டில் நீண்டு மடங்கியதையும் பார்த்தார்.

"நான் பாத்தனே. ரெண்டு மாசத்துல ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன்."

"அப்ப விசிறியாத்தான் இருந்திருக்கும். இந்தச் சாதியில சில ஆம்பளைங்க ரொம்ப லேட்டு. மத்ததெல்லாம் ரெண்டு மாசத்துல மாறினா, இது அஞ்சு ஆறு மாசம் பொண்ணு மாதிரியே இருக்கும், நல்லா வளரும், அப்புறம்தான் மாறும். அதான் எல்லாத்தையும்விடப் பெருசா இருக்கு. எங்களுக்கே ஏமாத்தம் ஆகும் சார். அதுக்குத்தான் வாரத்துக்கு ஒருதடவை துடுப்பைப் பாக்கச் சொல்றது. நீங்க அப்புறம் பாக்கவே இல்லையா?"

"எண்ணினேன்" என்றார் செக்கர்.

கடைக்காரர் தர்மசங்கடமாக எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "வெளிய இருந்து யாரும் கொண்டுவந்து போடல சார். இது மொதல்லேருந்து உள்ளதான் இருந்திருக்கு. நீங்களே விட்டதுதான்."

அவர் போனபிறகு செக்கர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை சொன்னது காதில் கேட்டது. அந்தப் பெரிய மீன் மற்றதையெல்லாம் ஓயாமல் துரத்துகிறது. மீன் வளர்த்தே அறியாத மனுஷன் பத்து நிமிடம் நின்று பார்த்துச் சொன்னது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மனைவி வந்து எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இப்ப யாரைப் பூட்டப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் இருந்த அறை, டயர் கடைக்கு மேலே மாடியில். படிக்கட்டெல்லாம் ரப்பர் வாடை. செக்கர் துணிப்பையில் குடையைப் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். கதவைத் திறந்தது மாப்பிள்ளை.

"வாங்க மாமா. உக்காருங்க."

ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பெட்டிகள். கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. செக்கர் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த பேச்சு ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"அது ஆம்பள மாப்பிள்ளை" என்றார். "அந்தப் பெரிய மீன். நான்தான் தப்பாப் பொறுக்கிட்டேன். உங்களை... தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல மாமா."

"உங்களுக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சா?"

"மீனைப் பத்தி எனக்கென்ன தெரியும். ஆனா அது பண்ணினது மட்டும் வேற மாதிரி இருந்துச்சு."

"நேரா சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. இதைப் பாருங்க மாமான்னு ஒரு வார்த்தை."

மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். "சொன்னேன் மாமா. நீங்க அப்ப என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க."

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. லிப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.  மகள் டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள், சர்க்கரை அவருக்குப் போடுகிற அளவுக்குச் சரியாகப் போட்டிருந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை மூவரும் டயர் கடைக்காரரைப் பற்றியும் தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றியும் பேசினார்கள்.

"வீட்டுக்கு எப்பம்மா வரீங்க?"

"வருவோம்பா" என்றாள் மகள். டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்கு அடுத்த கண்ணுல ஆபரேஷன் பண்றப்ப வந்து பாத்துட்டுப் போறோம்."

பார்த்துவிட்டுப் போகிறோம். இருக்க வருகிறோம் என்று சொல்லவில்லை. செக்கருக்கு அது புரிந்தது. தலையை ஆட்டினார்.

எழுந்து நின்று கட்டில்மேல் வைத்த துணிப்பையை எடுத்தார். கதவருகில் மகள் நின்றிருந்தாள். எதற்கு அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து அவள் முன்னால் பிடித்தார். உள்ளே ஒரு குடை இருந்தது, வேறொன்றும் இல்லை.

மகள் பைக்குள் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். பையை வாங்கி, வாயை மடித்து மூடி, காதைச் சேர்த்துப் பிடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"படியில லைட் இல்லப்பா" என்றாள். "பாத்து இறங்குங்க."